பூட்டிய பிறகு வண்டி நம் பொறுப்பு

பயிற்சியில் இருக்கும் போக்குவரத்துக் காவலர்களுக்குச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று போன மாதம் என்னை அழைத்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'பொதுமக்களிடம் கனிவு'. கனிவைப் பற்றி ஓய்வு பெற்றவனைத்தான் பேசச் சொல்வார்கள். வேலையில் இருப்பவனுக்கு அதற்கு நேரம் இருக்காது.

இப்போது வேலை எளிதாகிவிட்டது என்றார்கள் அந்தப் பிள்ளைகள். தப்பாக நிறுத்தியிருக்கும் வண்டியைக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதுமாம். அபராதச் செய்தி உரிமையாளரின் கைப்பேசிக்குப் போய்விடும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. "வண்டி மட்டும் அங்கேயே நிக்கும்" என்றேன். சிரித்தார்கள்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் காவலர் எழுந்தார். "ஐயா, வண்டி நிக்குது, ஓனரைக் காணோம். வழியை மறிச்சிக்கினு இருக்குது. அப்ப இன்னா பண்றது?"

நடைமுறையை வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அந்த நடைமுறையை ஒன்று விடாமல் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதற்குள் தேநீர் வந்துவிட்டது. பாக்கியை இங்கே எழுதுகிறேன்.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். பேரரசுகள் விழுந்த காரணங்களை மனப்பாடமாக எழுதிப் பட்டம் வாங்கினேன். என் ஊரான அனுமந்தைப் பக்கம் அந்தப் பட்டத்துக்கு வேலை இல்லாததால் காவல் துறைக்கு விண்ணப்பித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினோம். நிற்கச் சொன்னார்கள், நின்றோம். பிறகு போக்குவரத்துப் பிரிவில் போட்டார்கள். அங்கே ஓடும் பயிற்சி வீண், நிற்கும் பயிற்சி மட்டும் பயன்பட்டது.

சென்னையில் ஒரு கடைத்தெருவில் என் சர்வீசின் பெரும்பகுதி போயிற்று. அங்கே நான் கற்ற முதல் பாடம், தப்பான இடத்தில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை என்பது. கேட்டுப் பாருங்கள். 'நிறுத்தல சார், நின்னுக்கிட்டு இருக்கேன்' என்பார்கள். மருந்து வாங்க வந்தவர், மருந்து வாங்க வந்தவருக்குத் துணைக்கு வந்தவர், அவருக்குக் காபி வாங்கித் தர வந்தவர் என்று மருந்துக்கடை வாசலில் மூன்று கார் நிற்கும். இரண்டு பக்க இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டால் சட்டம் அந்த வண்டிக்குப் பொருந்தாது என்று படித்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டையும் அப்படித்தான். வழக்கறிஞர், மருத்துவர், பத்திரிகை, அரசு என்று பார்த்துப் பழகிய எனக்கு, ஒருநாள் 'மாப்பிள்ளை வீட்டார்' என்று ஒட்டிய வேன் ஒன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது ஆச்சரியமே வரவில்லை.

இன்னொரு பாடம், வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாலை பற்றியது. ஒரு குடியிருப்புத் தெருவில் மாடிவீட்டுக்காரர் ஒருவர் தன் வாசலுக்கு எதிரே சாலையில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். வேறு யாரும் நிறுத்தக் கூடாதாம். எதிர்வீட்டில் புகார் கொடுத்தார்கள், போனேன்.

"ஏன் சார் தொட்டி வெச்சிருக்கீங்க?"

"கண்டவன் வந்து என் இடத்துல நிறுத்துறான்."

"ரோடு உங்களுதா?"

"வீடு என்னுது."

"வீடு உங்களுது. நான் ரோடைக் கேட்டேன்."

"வீட்டு முன்னாடிதானே சார் இருக்குது? பக்கத்து ஊர்லயா இருக்குது?"

தொட்டிகளை அகற்றினேன். மறுநாள் அதே இடத்தில் ஒரு கல் நின்றது. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்தியிருந்தார்கள். அந்த மாதிரிக் கல்லை அகற்ற எங்கள் கையேட்டில் நடைமுறை இல்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். புகார் கொடுத்த எதிர்வீட்டுக்காரரும் அடுத்த வாரம் ஒரு கல் வைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

சென்னை எனக்குத் தந்த உருப்படியான அறிவு ஒன்றே ஒன்று. வழிமறித்து நிற்கும் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். கூட்டத்தில் எல்லோரும் வண்டியைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் பார்க்க மாட்டார். உரிமையாளர் அவர்தான்.

கடைசிச் சில ஆண்டுகளுக்குச் சொந்தப் பக்கமே மாற்றல் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை ஒட்டிய போக்குவரத்துப் பணி. நான் சிறப்பு உதவி ஆய்வாளர். என் மேலதிகாரி ஆய்வாளர் இருதயராஜ்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்து, அவர் சட்டையைப் பிடித்தவனிடமும், "கையை எடுங்க, பட்டன் பிஞ்சிடும்" என்றுதான் சொன்னார். வெயில் எப்படி அடித்தாலும் சீருடையில் கஞ்சி மடிப்புக் கலையாது. ஜீப்பில் அவர் இருக்கைக்கு அடியில் அளவு நாடா ஒன்றும் சாக்பீஸ் டப்பா ஒன்றும் எப்போதும் இருக்கும். சாலைச் சந்திப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்த்துச் சொன்னதே இல்லை. அளப்பார். அளந்த நாடாவைச் சுருட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

கேட்பாரற்ற வண்டிக்குச் சக்கரப் பூட்டுப் போடும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். முதலில் வண்டி எண்ணையும் நிறத்தையும் சொல்லி ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் நடுவில், ஒரு மனிதர் சாப்பாட்டிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு வரும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். பிறகு வண்டிக்குள் குழந்தையோ முதியவரோ நாயோ இருக்கிறதா என்று நான்கு கண்ணாடி வழியாகவும் குனிந்து பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் நசுங்கலையும் குறிக்க வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். அதன் பிறகு பூட்டு. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அறிவிப்புத் தாள். சாவி ஆய்வாளரின் இடுப்புப் பட்டையில்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வாக்கியம் சொல்வார்: "பூட்டிய பிறகு வண்டி நம் பொறுப்பு. ஒரு கீறல் விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியவங்க நாமதான்."

அபராதத்தைக் கையில் வாங்கக் கூடாது. இயந்திரத்தில் அட்டையைத் தேய்த்து, ரசீது வந்த பிறகே பூட்டைத் திறக்கலாம். இதில் அவர் கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. வேறொரு ஊரில் ஒரு காவலர், கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து இரக்கப்பட்டு, ரசீது இல்லாமல் பூட்டைத் திறந்துவிட்டார். எதிர்க்கடையிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்து, 'காசு வாங்கிக்கொண்டு விடுகிறார் பாருங்கள்' என்று ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். காவலர் தற்காலிக நீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காவலர் இருதயராஜிடம் பயிற்சி பெற்றவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாலை சென்னையாகிவிடும். புதுச்சேரிக்குப் போகிறவர்களும், ஆரோவில்லுக்குப் போகிறவர்களும், எங்கே போகிறோம் என்று இன்னும் தீர்மானிக்காதவர்களும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உப்பளம் வந்ததும் நிறுத்துவார்கள். வெள்ளைக் குவியல், நீல வானம், படம். மாநகரத்தில் இடம் இல்லாததால்தான் ஜனங்கள் தப்பாக நிறுத்துகிறார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இடம். அப்படியும் அளத்துக்குள் போகும் மண்பாதையின் வாயிலேயேதான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கேதான் கொஞ்சம் அகலமாக இருக்கிறதாம். லாரியும் டிராக்டரும் திரும்புவதற்காக அகலமாக விட்டது அது.

கோடை முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலில், கருநீலக் கார் ஒன்று அப்படி ஒரு பாதையின் வாயை அடைத்து நின்றது. இரண்டு பக்கமும் உப்பங்கழித் தண்ணீர் போகும் கால்வாய். வேறு வண்டி காரைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. இருதயராஜ் மூன்று முறை அறிவித்தார். உள்ளே நாய் இல்லை என்று உறுதி செய்தார். கீறல்களைக் குறித்தார். கோடு போட்டார். பூட்டினார். அடுத்த வண்டியைப் பார்க்க அனுமந்தைப் பக்கம் போய்விட்டோம்.

திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே ஹாரன் சத்தம் கேட்டது. காருக்குப் பின்னால் ஒரு டிராக்டர், கடற்கரைச் சாலையில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு நின்றது. டிரெய்லர் நிறைய கீற்றுக் கட்டும் தார்ப்பாயும். அதற்குப் பின்னால் ஒரு பேருந்து, அதற்குப் பின்னால் மற்றதெல்லாம். பூட்டிய காருக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி ஒரு பெண்மணி நின்றார். புடவைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் சும்மாடு, கால் முழங்கால் வரை உப்புப் பூத்து வெளுத்திருந்தது. பெயர் பச்சையம்மா. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர்.

"சார், இந்த மஞ்சப் பூட்டு உங்களுதா?"

"ஆமாம்மா" என்றார் இருதயராஜ்.

"எதுக்குப் போட்டீங்க?"

"வழியை மறிச்சு நிறுத்தியிருக்காங்க. அதுக்குத் தண்டனை."

"யாருக்கு?"

ஆய்வாளர் தான் ஒட்டிய அறிவிப்புத் தாளை மறுபடி படித்தார். அந்தக் கேள்விக்கு அதில் இடம் இல்லை.

"பூட்டு இல்லன்னா நாங்களே தூக்கி ஓரமா வெச்சிட்டுப் போயிருப்போம் சார். வாரா வாரம் அதானே பண்றோம்? இன்னிக்கும் தூக்கத்தான் வந்தோம். கண்ணாடியில இன்னாமோ ஒட்டிக்கினு இருக்குது, தொட்டா கேஸு ஆயிடும்னு இந்த முருகன் படிச்சிட்டான்."

டிராக்டர் ஓட்டிவந்த முருகன் தலையைக் குனிந்துகொண்டான். படித்தது தப்பு என்பது போல இருந்தது அவன் முகம்.

பிறகுதான் பச்சையம்மா மேற்கே கையைக் காட்டினார். அந்தப் பக்கம் வானம் ஈயத்தகடு மாதிரி இருந்தது. கோடை மழை எங்கள் பக்கம் கடலிலிருந்து வராது, பின்னாலிருந்து வரும். காற்று ஏற்கெனவே திரும்பியிருந்தது.

"அந்தக் கோடியில மேட்டு மேல மூணு குவியல் தெரியுதுங்களா? என்னுது. இத்தினி வருஷம் அடுத்தவங்க அளத்துல கூலிக்கு வாரினேன். இந்த வருஷம்தான் என் பேர்ல குத்தகைக்கு எடுத்தேன். எடுத்த உப்பு அத்தனையும் அதான். மூடுறதுக்குக் கீத்து இன்னிக்குத்தான் வந்திச்சு. மழை முந்திக்கிச்சுன்னா நாளைலருந்து மறுபடியும் கூலி. அவ்வளவுதான் சார் விஷயம்."

அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கீற்றுக் கட்டுகளைத் தலையில் ஏற்றி, காரைச் சுற்றி, வரப்பு மேல் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். காற்று கீற்றைப் பிடித்துத் தள்ளியது. ஒருத்தி கட்டோடு கால்வாய்க்குள் இறங்கினாள். தார்ப்பாயை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆய்வாளர் ஒலிபெருக்கியை எடுத்து மறுபடி அறிவித்தார். அளத்தில் அங்கங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கருநீலக் கார் என்று கேட்டதும் தங்கள் கார் அது இல்லை என்ற நிம்மதியில் கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பினார்கள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஓலைத்தொப்பி போட்ட ஒருவர் மட்டும் முதுகைக் காட்டி நின்று ஒரு உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பை அவ்வளவு ஆழமாகப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வரப்பில் நடந்து அவரிடம் போனேன்.

"உப்பு எப்படி சார் இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"உங்க காரும் நல்லாத்தான் இருக்குது."

கொஞ்சம் யோசித்தார். "எந்தக் கார்?"

பக்கத்தில் இருந்த மனைவி, "அதான் கண்டுபுடிச்சிட்டாரு இல்ல? போங்க" என்றார்.

வரும் வழியில் அவரே சொன்னார். "பூட்டுப் போட்டதை இப்பத்தான் பார்த்தேன் சார். நீங்க போனதும் வரலாம்னு இருந்தேன்."

"நீங்க வந்ததும் போகலாம்னு நாங்க இருந்தோம்."

வாதம் எதுவும் செய்யவில்லை. பணம் கட்டத் தயாராக அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். ஆய்வாளர் இயந்திரத்தை எடுத்தார். சிக்னல் இல்லை. இயந்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார். ஜீப்பின் பானட் மேல் ஏறியும் பார்த்தார். கோயிலில் தீபாராதனை காட்டுகிற மாதிரி இருந்தது. சிக்னல் இல்லை.

"கேஷா வாங்கிக்கோங்க சார்" என்றார் தொப்பிக்காரர்.

"கேஷ் வாங்கக் கூடாது சார்."

"ஐயா," என்றார் பச்சையம்மா, "பூட்டைத் தொறங்க. துட்டை அப்புறமா வாங்கிக்குங்க. அந்தாளு எங்க ஓடிறப் போறாரு? அவரு பொண்டாட்டியே புடிச்சிக் குடுத்திட்டா."

இருதயராஜ் சுற்றிலும் பார்த்தார். பத்துப் பதினைந்து கைப்பேசிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க சொல்றது நியாயம்மா. ஆனா ரசீது இல்லாம பூட்டைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"மழைக்கு மட்டும் யாரு அதிகாரம் குடுத்தா?"

அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கார் நகர வேண்டும் என்று விரும்பினோம். உரிமையாளர் விரும்பினார், ஆய்வாளர் விரும்பினார், பேருந்தில் இருந்தவர்கள் சத்தம் போட்டே விரும்பினார்கள். கார் நகரவில்லை. எதிர்ப்பாளர் ஒருவரும் இல்லாமல் ஒரு காரியம் நடக்காமல் இருப்பதை அரசாங்க வேலையில்தான் பார்க்க முடியும்.

நான் ஆய்வாளரை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"ஐயா, பூட்டைத் திறக்க வேணாம்."

"அப்புறம்?"

"இடைஞ்சலா நிக்கிற வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அகற்ற நமக்கு உத்தரவு இருக்குது. பூட்டைத் திறந்துட்டுத்தான் அகற்றணும்னு அதுல இல்லை."

"அகற்ற மீட்பு வண்டி வேணுமே."

"எதால அகற்றணும்னு நம்ம உத்தரவுல எழுதல ஐயா. சேதம் இல்லாம அகற்றணும்னுதான் இருக்குது."

அவர் மேற்கே பார்த்தார். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். "எழுதலை" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "சரி கலியமூர்த்தி. முறைப்படி செய்வோம்."

முறைப்படி என்றால் முறைப்படி. ஒலிபெருக்கியில், வாகனம் அகற்றப்பட உள்ளது, உரிமையாளர் உடனே வரவும் என்று அறிவித்தார். உரிமையாளர் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நான் இங்கதான் இருக்கேன்."

"தெரியும் சார். நடைமுறை."

பிறகு படம். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம். பின்கதவில் ஒரு கீறல் இருந்தது. அது பழையதா என்று உரிமையாளரைக் கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க" என்றார் மனைவி. முதல் துளி கேமரா கண்ணாடி மேல் விழுந்தது. ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

"இன்னா சார் இது, பொண்ணு பாக்க வந்தா மாதிரி முன்னாடியும் பின்னாடியும் பாத்துக்கினு?" என்றார் பச்சையம்மா. "டேய் முருகா, எல்லாரையும் கூப்புடுடா!"

உப்பு வாருகிறவர்கள் ஆணும் பெண்ணுமாக வந்து காரைச் சுற்றி நின்றார்கள். ஆள் போதவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். சிலர் வந்தார்கள். திருமணத்துக்கு முன் எடுக்கும் படத்துக்காகக் கோட்டு சூட்டோடு வந்திருந்த ஒரு மாப்பிள்ளையும் வந்தார். கோட்டை என்ன செய்வது என்று தெரியாமல் பேருந்து ஜன்னலில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். தொப்பிக்காரர், "பம்பரைப் பிடிக்காதீங்க, உடைஞ்சிடும். கீழ, இன்னும் கீழ" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே தானும் ஒரு மூலையைப் பிடித்தார்.

"தூக்கு!" என்றார் பச்சையம்மா. கார் எழுந்தது. "வை!" இறங்கியது. தூக்கு, வை, தூக்கு, வை என்று கொஞ்சம் கொஞ்சமாக, பூட்டிய சக்கரத்தோடு, அது டிராக்டரை ஒட்டியபடியே பாதையை விட்டு வெளியே வந்தது. இருதயராஜ் கூடவே பின்னால் நடந்து ஒவ்வொரு முறையும் டயரைக் குனிந்து பார்த்தார். கடைசியில் சாலையின் இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கோட்டுக்கு இணையாக இறக்கினார்கள். ஆய்வாளர் நாடாவை எடுத்து அளந்தார். அன்றைக்கு அந்தச் சாலையில் விதிப்படி நிறுத்தப்பட்டிருந்த ஒரே வண்டி அதுதான்.

டிராக்டர் உள்ளே பாய்ந்தது. மழையும் அப்போதுதான் வந்தது. நாங்கள் எல்லோருமே பின்னால் ஓடினோம். ஏன் ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் பணி சாலையோடு முடிந்துவிட்டது.

முதல் குவியலுக்குக் கீற்றுப் போட்டார்கள். இரண்டாவதற்குத் தார்ப்பாய். மூன்றாவதற்கு எடுத்த தார்ப்பாயைக் காற்று நடுவில் கிழித்துக்கொண்டு போயிற்று. கிடைத்த கீற்றை மேலே அடுக்க அடுக்கப் பறந்தது. மேற்குச் சரிவில் மழை நேராக அறைந்தது. பச்சையம்மா அந்தப் பக்கமாகப் போய் முதுகைக் கொடுத்து நின்றார். உப்பு அவர் காலடியில் பால் மாதிரி இறங்கி ஓடியது.

தொப்பிக்காரர் திரும்பி ரோட்டுப் பக்கம் ஓடினார். காருக்குள் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். கார் டிக்கியைத் திறந்து எதையோ இழுத்தார். வெள்ளி நிறத்தில் பெரிய மூட்டை. தூக்கிக்கொண்டு, ஒரு செருப்பை வழியில் விட்டுவிட்டு, வந்து சேர்ந்தார்.

"கார் கவர் சார்" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி. "வாட்டர்ப்ரூஃப்."

விரித்துப் போட்டோம். மேற்குச் சரிவை மூடியது. கல் வைத்துக் கட்ட நேரம் இல்லை. ஒரு மூலையை அவர் பிடித்தார், ஒன்றை நான் பிடித்தேன், ஒன்றை முருகன். நாலாவது மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இருதயராஜ் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு அதைப் பிடித்து, உப்பில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

பச்சையம்மா எங்கள் நால்வரையும் பார்த்தார். "விட்றாதீங்க. ஒரு மூலை பறந்தாலும் உள்ள பூந்துரும். நான் அந்தக் குவியலைப் பாத்துட்டு வர்றேன்."

"சரிம்மா" என்றார் ஆய்வாளர். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்காமல் அவர் ஏற்றுக்கொண்ட ஒரே உத்தரவு என் அறிவுக்கு எட்டிய வரை அதுதான்.

மழைக்கு நடுவில் ஒருமுறை தொப்பிக்காரர் கேட்டார், "ஃபைன் எவ்வளவு சார்?"

"சிக்னல் வரட்டும் சார்" என்றார் இருதயராஜ், கண்ணிலிருந்து தண்ணீரை வழித்துக்கொண்டே.

கோடை மழை, வந்த வேகத்திலேயே போயிற்று. பாத்திகளில் விளைந்துகொண்டிருந்தது அத்தனையும் போய்விட்டது, அதற்கு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. மூன்றாவது குவியலின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஆள் சாய்ந்து உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. பச்சையம்மா கவரைத் தூக்கி, குழிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். காய்ந்த உப்பை அள்ளி வெளியே எடுத்தார்.

"நிக்குது" என்றார். குவியலுக்குப் பின்புறம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

சாலைக்குத் திரும்பினோம். சிக்னல் வந்திருந்தது. அட்டையைத் தேய்த்தார்கள், ரசீது வந்தது, பூட்டைத் திறந்தார்கள். புதுக் கீறல் எதுவும் இல்லை என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டார். ஒரு காலில் செருப்போடு கார்க் கதவைத் திறந்தார்.

அப்போது சென்னைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைந்து வந்து, அதே பாதையின் வாயில் திரும்பி நின்றது. கூட்டத்தைப் பார்த்து என்னவென்று பார்க்க நிறுத்தியிருப்பார்கள். டிராக்டர் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆய்வாளர் ஒலிபெருக்கியை எடுத்தார்.

அவருக்கு முன்பே தொப்பிக்காரர் அந்தக் காரின் ஜன்னலைத் தட்டினார். தொப்பி எங்கேயோ போயிருந்தது. இடுப்பு வரை சேறு.

"சார், இங்க வேணாம். பூட்டிருவாங்க. சிக்னல் வேற கிடைக்காது."

"நீங்க யாரு சார்?" என்றார் உள்ளே இருந்தவர்.

நியாயமான கேள்வி. தொப்பிக்காரர் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு எங்களுக்குப் பின்னால், புடவையைப் பிழிந்துகொண்டே வந்துகொண்டிருந்த பச்சையம்மாவைக் கையால் காட்டினார்.

"இது அந்தம்மாவோட வழி சார்."

உள்ளே இருந்தவர் பச்சையம்மாவைப் பார்த்தார். பச்சையம்மாவும் அவரைப் பார்த்தார். கார் பின்னுக்கு நகர்ந்தது. இருதயராஜ் ஒலிபெருக்கியை வாய்வரை கொண்டுபோய், அப்படியே இறக்கினார்.

பச்சையம்மா அளத்துப் பக்கம் திரும்பி, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

"டேய் முருகா, டிராக்டரை எடுத்துக்கினு வாடா! வழி இருக்குது!"